ஏழாம் சுற்று

கருமத்தம்பட்டிக் கல்யாண மண்டபத்தில்
பந்தி மேசைகளை நீளமாய் ஒட்டிப் போட்டிருந்தார்கள்.
அந்தப் பக்கம் நூல் கொடுப்பவர்கள்,
இந்தப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள்,
நடுவில் உதவி ஆணையர்,
ஓரத்தில் நான், நடவடிக்கைக் குறிப்பு எழுத.
தறி நின்று இருபத்து மூன்று நாள்.
சோமனூர்ச் சாலை டீக்கடைக்காரர்கூட
மெதுவாகப் பேசப் பழகிவிட்டார்.

அஞ்சல்வழி எம்.ஏ.வில் எனக்குப் பேச்சுக்கலை ஒரு தாள்.
ஐம்பத்தொன்று. பாஸ்.
அதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம்:
யார் வாயைத் திறந்தாலும்
பக்க ஓரத்தில் பென்சிலால் பெயரெழுதுவேன்.

பொங்கியண்ணன் எழுந்தார்.
"எங்கய்யனும் நாலு தறியில ஆரம்பிச்சவருதானுங்க."
எழுதினேன்: நீயும் நானும் ஒன்று எனல்.
காரணம் காட்டி மனம் மாறுவது குறைவு,
ஒட்டுறவில்தான் சாயும் என்று ஒரு கொள்கை.
அவர் மகன் நூல்விலையைத் திரையில் காட்டினான்.
சிவப்புக் கோடு மண்டபக் கூரைக்கு ஏறியது.
படமும் வாதம்தான், அதற்குத் தனித் துறையே உண்டு.
கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று
பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அந்தத் துறைதான்.
குறிப்பெழுதுகிறவளுக்கு அங்கே வாய் கிடையாது.

கிரேக்கத்தில் மூன்றாய்ப் பிரித்தார்களாம்:
சொல்பவரின் தரம், கேட்பவரின் நெஞ்சு, சொல்லின் காரணம்.
நம்மவர்கள் அணி அணியாய் அடுக்கினார்கள்,
புகழ்வதுபோல் பழிப்பதற்கும்
பழிப்பதுபோல் புகழ்வதற்கும் சேர்த்தே பெயர் வைத்தார்கள்.
"நீங்க இல்லாட்டி எங்க பொழப்பு ஏதுங்க"
என்று செங்கோடன் கும்பிட்டபோது
எதில் சேர்ப்பதென்று பென்சில் நின்றுவிட்டது.

ஒன்றுக்கு மட்டும் எந்தத் தாளிலும் பெயரில்லை.
ங்க.
கட்டாதுங்க. முடியாதுங்க. பாக்கலாமுங்க.
பாக்கலாமுங்க என்றால் முடியாதுங்க.
அரிவாளை வாழையிலையில் சுற்றி நீட்டுவதுபோல்
எங்கள் பக்கம் மறுப்பைக் கொடுப்பது இப்படி.
வாங்குகிறவரும் சரிங்க என்று
இலையோடு வாங்கிக்கொள்வார்.

தெய்வாத்தாள் வாங்கவில்லை.
எட்டுத் தறி, முப்பத்தொரு வருஷம்.
"முடியாதுன்னா? அப்பறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"
தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்,
தறியில்லாத மண்டபத்தில்.
மேலே கட்டியிருந்த பழைய தோரணம் அசைந்தமாதிரி இருந்தது.
"ஏனுங் கோவப்படறீங்க?
நாங்க மரியாதையாத்தானுங்க பேசறோம்."

அப்போதுதான் கவனித்தேன்.
பேசுகிறவர்களின் கண்ணை அவர் பார்க்கவேயில்லை.
உதட்டைப் பார்த்தார்.
மு என்றால் உதடு மூடித் திறக்கும், தெரியும்.
ங் நாவின் அடியில் பிறக்கிற எழுத்து,
உதட்டுவரை வருவதேயில்லை.
எத்தனை வருஷமோ,
அவரிடம் சொன்னதெல்லாம் இலையில்லாமல்தான் போயிருக்கிறது.
முடியாது. கட்டாது.
அந்த மண்டபத்தில் சொன்னதை மட்டும்
கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று மணிக்கு அச்செடுத்துக் கையெழுத்துக்கு விட்டேன்.
"கூலி உயர்வு தற்போது இயலாது எனத் தெரிவிக்கப்பட்டது."
தெய்வாத்தாள் விரல்வைத்துப் படித்தார்.
"ஆரு தெரிவிச்சது? பேரக் காணமே."

ஊரார் பேச்சுக்கெல்லாம் ஓரத்தில் பெயரெழுதியவள்.
என் வாக்கியத்துக்கு எழுதியதில்லை.
ஆளை மறைத்தல்.
பத்து வருஷமாய், பக்கத்துக்குப் பத்து முறையாவது.

உதவி ஆணையர் கடிகாரம் பார்த்தார்.
எட்டாம் சுற்று செவ்வாய், பதினொரு மணி.
நாற்காலிகள் இழுபட்டன.
அச்செழுத்துக்கு மேலே, நீல மையில், கொஞ்சம் கோணலாக
எழுதிச் சேர்த்தேன்:
பொங்கியண்ணன் "முடியாதுங்க" என்றார்.

விரல் அந்த வரியில் போய்க் கடைசி எழுத்தில் நின்றது.
"இதையுமா சொன்னாரு?"

ஆமாங்க என்றேன்.
என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.